அறிக்கை நார்மல், பிள்ளை விழுகிறாள்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் "வளரிளம் பருவமும் மன அழுத்தமும்" என்று அச்சாகியிருக்கிறது. அது ஒரு மணி நேரத்துக்குள் அடங்காத தலைப்பு. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடும் நெருக்கடியில் பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளையின் உடம்பும் மனமும் செய்கிற விசித்திரமான காரியங்கள். வலிப்பு வந்ததுபோல விழுவது, ஒரே நாளில் குரல் போய்விடுவது, கால் துவண்டு நடக்க முடியாமல் ஆவது, மாத்திரைக்கு இறங்காத காய்ச்சல், இல்லாதவர் குரல் கேட்பது. ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

நம் பேட்டைக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். 1909 ஜனவரியில் நாராயணையா என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர் தம் பிள்ளைகளோடு அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு வந்து சேர்ந்தார். கிடைத்தது சபை வளாகத்துக்கு வெளியே, சுகாதார வசதி ஏதும் இல்லாத ஒரு சிறு வீடு. பிள்ளைகளின் தாய் சஞ்சீவம்மா 1905இல் கடப்பையில் இறந்துபோயிருந்தார். அடையாற்றிலிருந்து மயிலாப்பூரில் இருந்த ஒரு உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே போய்வந்தார்கள். அவர்களில் ஒருவனுக்குப் பதின்மூன்று வயது. மலேரியாவில் அடிபட்ட உடம்பு, எதிலும் ஒட்டாத வெறித்த பார்வை. பாடம் தெரியாததற்காக ஏறத்தாழ தினமும் பிரம்படி வாங்கினான். வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், தம்பி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும்வரை அங்கேயே நிற்பான் என்று அவனுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி லட்யன்ஸ் சொல்கிறார். மந்தபுத்தி என்றுதான் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். சில மாதங்களில் அடையாறு கடற்கரையில் சபையின் முக்கியஸ்தர் லெட்பீட்டரின் கண்ணில் பட்டு, பிற்பாடு உலகம் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று அறிந்த பையன் அவன்தான்.

எனக்கு வேண்டியது அந்தக் கண்டெடுப்புக் கதை அல்ல. 1913இல், பதினெட்டு வயதில், அவர் தம்மைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். தாய் இறந்த பிறகும் பலமுறை அவளைக் கண்டதாக அதில் சொல்கிறார். ஒருமுறை அவள் மாடிப்படி ஏறுகிறாள், இவன் பின்னாலேயே போய்ப் புடவையைப் பிடிக்கக் கை நீட்டுகிறான், மேல்படியில் அவள் மறைந்துவிடுகிறாள். பள்ளிக்கு நடக்கும்போது தாய் தன் பின்னால் வருவது கேட்குமாம். வளையல் ஓசையை வைத்து அது அவள்தான் என்று தெரியுமாம்.

இன்றைக்கு ஒரு பையன் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் தாயத்து, இன்னொரு வீட்டில் மனச்சிதைவுக்கான மாத்திரை. இரண்டும் அவசரம். துக்கத்தில் இருப்பவருக்கு இறந்தவரின் குரலோ காலடியோ கேட்பது பெரியவர்களிடமும் சாதாரணமாக நடப்பது. அது மட்டுமே பைத்தியத்தின் அடையாளம் ஆகாது. இறந்தவர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை, அதனால் கிருஷ்ணமூர்த்திக்கும் எதையும் சூட்டவில்லை. தாயை இழந்து, ஊர் மாறி, தினமும் அடி வாங்கிய ஒரு பையன் சுற்றியிருப்பதிலிருந்து விலகி நின்றதை இந்த ஊர் மந்தம் என்று படித்தது. சொல்ல வந்தது அவ்வளவுதான்.

அதே பத்தாண்டில் கும்பகோணத்தில் இன்னொரு பையன். அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றவற்றில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தான். 1905 ஆகஸ்டில், பதினேழு வயதில், யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டான். காணாமல் போன பையன் என்று 'தி இந்து'வில் செய்தி வந்தது. அவன் சீனிவாச ராமானுஜன். அடுத்த வருஷம் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மறுபடியும் தேர்வில் தோற்றதும் உங்களுக்குத் தெரியும். பரீட்சை முடிவு வரும் வாரத்தில் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் தனியாக நிற்கும் பிள்ளைகளை ரயில்வே காவலர்கள் இன்றைக்கும் விசாரிக்கிறார்கள்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். பல பிள்ளைகளைச் சேர்த்து ஒருத்தியாக்கிச் சொல்கிறேன், யாரும் தன் பெண்ணைத் தேட வேண்டாம். பிளஸ் டூ படிக்கிறாள், மந்தைவெளியில் வீடு. காலையில் பள்ளி, மாலையில் தி. நகரில் நீட் கோச்சிங், இரவில் சாப்பாட்டுத் தட்டோடு மாடல் டெஸ்ட். ரிவிஷன் தேர்வு நடக்கும் நாளில் வகுப்பில் சரிந்து விழுகிறாள். கைகால் வெட்டுகிறது, தலை இப்படியும் அப்படியும் ஆடுகிறது, கண் இறுக மூடியிருக்கிறது, கால் மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். ஆம்புலன்ஸ், ஈஈஜி, எம்ஆர்ஐ. எல்லாம் நார்மல். அடுத்த வாரம் மறுபடி. வேறு ஆஸ்பத்திரி, மறுபடி ஸ்கேன், மறுபடி நார்மல். மூன்றாவது டாக்டரிடம் வரும்போது அம்மா சொல்வது இப்படி இருக்கும்: "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு டாக்டர், ஒண்ணுமே இல்லேன்னுட்டாங்க. வேணும்னே பண்றாளோன்னு இவங்க அப்பாவுக்கு சந்தேகம்." பெண் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த அப்பா கெட்டவர் அல்ல. மூன்று லகரம் செலவழித்திருக்கிறார். "ஒன்றுமில்லை" என்று படித்தவர்களே சொன்ன பிறகு, அவர் வேறென்ன நினைப்பார்?

நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். அந்த "ஒன்றுமில்லை" தவறு. ஸ்கேன் காட்டுவது மூளையின் அமைப்பை. வீணையைப் படம் பிடித்தால் தந்தி அறுந்திருப்பது தெரியும், சுருதி கலைந்திருப்பது தெரியாது. இந்தப் பெண்ணுக்குக் கலைந்திருப்பது சுருதி. இதை மருத்துவத்தில் செயல்சார் நரம்பியல் கோளாறு என்கிறோம். பழைய பெயர் ஹிஸ்டீரியா, அந்தப் பெயரை விட்டொழித்தது நல்ல காரியம். மற்ற நோய்கள் இல்லை என்றானபின் கடைசியில் மிச்சமிருப்பதற்குச் சூட்டும் பெயரல்ல இது. இதற்கென்றே தனி அடையாளங்கள் உண்டு, பார்க்கத் தெரிந்தவர் பார்த்துச் சொல்லலாம்.

கால் துவண்ட பிள்ளையைப் படுக்க வைத்து, அந்தக் காலைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். பலமே இருக்காது. இப்போது நல்ல காலை என் கைக்கு எதிராகத் தூக்கு என்று சொல்லி, துவண்ட காலின் குதிகாலுக்கு அடியில் இன்னொரு கையை வைத்துப் பாருங்கள். அந்தக் கால் தானாகவே அழுத்தும், முழுப் பலத்தோடு. இது ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இல் எழுதிய சோதனை. ஒரு பைசா செலவில்லை. குரல் போன பிள்ளையை இருமச் சொன்னால் இருமலில் குரல் இருக்கும். குரல்நாண் சேர்கிறது, பேச முயலும்போது மட்டும் சேர மறுக்கிறது. வலிப்பு நோயில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், இரண்டு நிமிடத்துக்குள் வெட்டு அடங்கிவிடும். இந்த வகையில் கண் இறுக மூடியிருக்கும், வெட்டு கூடிக் குறைந்து நீளும். சந்தேகம் இருந்தால் வீடியோவோடு சேர்த்து ஈஈஜி பதிவு செய்து தீர்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் அந்த வசதி இருக்கிறது. அடுத்த முறை விழும்போது கைபேசியில் படம் எடுத்துக் கொண்டுவந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. கையில் சாவி திணிக்கிற நேரத்தில் அதைச் செய்யலாம்.

"அப்படியானால் நல்ல கால்தானே, வேண்டுமென்று செய்கிறாள் என்றுதானே ஆகிறது?" என்று கேட்பீர்கள். இல்லை. 2010இல் வெலரி வூன் என்ற ஆய்வாளரின் குழு, இந்த வகை நடுக்கம் உள்ளவர்களை, மூளையின் அமைப்பை அல்லாமல் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேனருக்குள் வைத்து, தானாக வரும் நடுக்கத்தையும் அதே நடுக்கத்தை அவர்கள் வேண்டுமென்று நடித்துக் காட்டுவதையும் ஒப்பிட்டது. "இதை நான்தான் செய்கிறேன்" என்ற உணர்வோடு தொடர்புடைய மூளைப்பகுதி, தானாக வரும்போது மட்டும் மந்தமாக இருந்தது. அவள் கை ஆடுகிறது. ஆட்டுவது தான் என்ற செய்தி அவளுக்கு வந்து சேரவில்லை.

மற்ற அறிகுறிகளின் கதை இதைவிட எளிது. பதற்றத்தில் மூச்சு வேகமாகிறது. வேக மூச்சில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, கட்டற்ற கால்சியம் குறைகிறது. உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல்கள் குவிந்து விறைக்கும், தலை சுற்றும். கையைப் பார்த்துப் பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்க, இன்னும் விறைக்கும். கொத்துக் கொத்தாக முடி உதிர்வது அதிர்ச்சி நடந்த இரண்டு மூன்று மாதம் கழித்து வரும், அதனால்தான் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஷாம்பூவை மாற்றுகிறார்கள். மாதவிலக்கு நின்றுபோகும், ஏனென்றால் மூளையில் இருக்கும் ஹைப்போதாலமஸ் இனப்பெருக்க வேலையை ஒத்திப்போடுகிறது. ஜப்பானில் தகாகாசு ஓகா என்ற மருத்துவர் நிறைய எழுதியிருக்கும் மனவழிக் காய்ச்சலில், தெர்மாமீட்டரில் உண்மையாகவே சூடு ஏறும். கிருமிக் காய்ச்சலில் வேலை செய்யும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் வழி இதில் இல்லாததால் பாராசிட்டமால் பலிக்காது. "ஸ்கூல் நாள்ல மட்டும் ஜுரம் வருது" என்று பாட்டி கிண்டல் செய்வாள். பாட்டி கவனித்தது சரி, முடிவுதான் தப்பு. அபூர்வமாக வியர்வையோடு ரத்தம் கசிவதுகூட இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மனத்தின் பக்கம் இன்னும் மறைவானது. "என் கையே என் கை மாதிரி இல்ல", "எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்குற மாதிரி இருக்கு" என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெரும்பாலும் சொல்லமாட்டார்கள், பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். இந்த அறையில் இருக்கும் இளைஞர்களில் சிலருக்கு இது நடந்திருக்கும். அது பைத்தியம் இல்லை. தாங்க முடியாத நேரத்தில் மனம் ஒரு அடி பின்வாங்கி நிற்கிறது. அடிக்கடி வந்தால் யாரிடமாவது சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் பேச்சே ஆபத்தாகிவிடும். வினோதமாகத் தெரிவதெல்லாம் மன அழுத்தம் அல்ல. 2007இல் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்த ஒரு மூளை அழற்சி இளம்பெண்களை அதிகம் தாக்குகிறது. தூக்கம் கெட்டு, பேச்சு குழறி, யாரோ உள்ளே புகுந்ததுபோல நடந்துகொள்வார்கள். அது நோயெதிர்ப்பு ஆற்றல் மூளையையே தாக்குவது. உடனே சிகிச்சை வேண்டும். செயல்சார் வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உண்மையான வலிப்பு நோயும் கூடவே இருக்கிறது. ஆகவே என் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

கோயில் குளம் பற்றிக் கேட்பீர்கள். பாடிகார்டு முனீஸ்வரரிடம் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு என்னிடம் வந்தவர்களை நான் கடிந்துகொண்டதில்லை. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வாரக்கணக்கில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். நோயின் கடுமை ஏறத்தாழ இருபது சதவீதம் குறைந்திருந்தது. மருந்தும் இல்லை, மந்திரிப்பும் இல்லை. ஆதரவான ஓர் இடத்தில் தங்கினார்கள், அவ்வளவுதான். கோயிலில் யாரும் அந்தப் பெண்ணைப் பார்த்து நடிக்கிறாய் என்று சொல்வதில்லை. நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அது சகஜமாகக் கேட்கிறது. ஆனால் வேப்பிலையால் அடிப்பதும் சங்கிலியில் கட்டுவதும் ஆதரவு அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் கட்டிப்போடப்பட்டு, தீயில் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

பரீட்சை மட்டும் காரணம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் குப்பங்களில் கடலோடு வளர்ந்த பிள்ளைகளுக்கே அலை அச்சமானது. தமிழ்நாட்டில் சுனாமியில் பாதிக்கப்பட்ட ஐநூற்றுக்கும் மேற்பட்ட சிறார்களை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரை, தொடக்க மாதங்களில் பத்தில் ஏழு பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடு இருந்ததாகச் சொன்னது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடு புகுந்ததற்குப் பின் இரவு மழைச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனையோ. யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே மருத்துவம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் மனத்தில் ஏற்படுத்திய பாதிப்புகளைப் பற்றி 1998இல் ஒரு நூலே எழுதினார். சுவீடனில், புகலிடம் மறுக்கப்படும் அச்சத்தில் இருந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் 2003க்கும் 2005க்கும் இடையில் பேச்சு நின்று, உணவு நின்று, மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தார்கள். குழாய் வழியே உணவூட்டினார்கள். குடும்பத்துக்குத் தங்க அனுமதி கிடைத்தபின் பலர் மெல்ல எழுந்தார்கள். அங்கேயும் நடிப்பு என்று சொன்னவர்கள் உண்டு.

இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப விழும் பிள்ளைகளில் சிலருக்குப் பின்னால் பாலியல் வன்முறை இருக்கிறது. செய்தவர் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிந்தவர். அதனால்தான் வளரிளம் பிள்ளையைக் கொஞ்ச நேரமாவது தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். நம் கிளினிக்குகளில் கேள்வி பிள்ளைக்கு, பதில் அம்மாவிடமிருந்து. அம்மாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள். தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் சொல்வது கட்டாயம், டாக்டருக்கும் ஆசிரியருக்கும்கூட.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. முதல் மருந்து விளக்கம். "உனக்கு இருப்பது இது, இதற்குப் பெயர் உண்டு, நீ நடிக்கவில்லை, மூளை கெட்டுப்போகவில்லை, சரியாகும்" என்று, ஹூவர் சோதனையை அவளுக்கே காட்டிச் சொல்வது. இதுவே சிலருக்குப் போதும். பிறகு மனநல ஆலோசனை, தேவையானால் பிசியோதெரபி, சீக்கிரமே பள்ளிக்குத் திரும்புவது. விழும்போது அடிபடாமல் பார்த்துக்கொண்டு அமைதியாகப் பக்கத்தில் இருந்தால் போதும், தெருவே கூட வேண்டாம். சிறுவர்கள் பெரியவர்களைவிட நன்றாகவே தேறுகிறார்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால். ஜெர்மனியில் 2002இல் கணக்கெடுத்தபோது, இந்தவகை வலிப்பு தொடங்கிச் சரியான பெயர் கிடைக்கச் சராசரியாக ஏழு ஆண்டு ஆகியிருந்தது. பன்னிரண்டு வயதில் தொடங்கினால் பள்ளிப் பருவமே போயிற்று.

பிள்ளையை மட்டும் திருத்தினால் போதாது, சுமையையும் கொஞ்சம் இறக்கலாம், முடியும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கி, பக்கத்து ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் ஒரு வருஷத்தை இழக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுத வாய்ப்பு வேண்டும் என்று வலியுறுத்தியது. 2000களின் தொடக்கத்தில் அரசு துணைத்தேர்வைக் கொண்டுவந்தது. 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கமும் நின்றது. அன்று பத்திரிகைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். நான் படவில்லை. நீட் இவை இரண்டையும் ஓரளவு பயனற்றதாக்கிவிட்டது என்பது என் கருத்து, மாற்றுக் கருத்துள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் சண்டைக்கு வரலாம்.

இங்கே தலைமையாசிரியர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் விழுந்த பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள் என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். ஒரு ஆசிரியரை ஒதுக்கி, விழுந்தால் எங்கே படுக்கவைப்பது, எத்தனை நிமிடத்தில் வகுப்புக்குத் திரும்புவது என்று டாக்டரோடு பேசி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்களிடமும் ஒன்று. அறிக்கை நார்மல் என்று சொன்ன கையோடு அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல், அந்தப் பிள்ளைக்கு இன்னும் பதினைந்து நிமிடம் கொடுங்கள். இளைஞர்களுக்கு ஒரு எண் மட்டும் சொல்கிறேன், 14416. அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.